மனச்சோர்வும் மின்கருவியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் நம்மைக் காண வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. திறந்து காட்டினார். தலையில் அணிந்துகொள்ளும் பட்டை ஒன்றும், அதிலிருந்து நீண்ட இரண்டு மின்கம்பிகளும், அவற்றின் நுனியில் நீரில் நனைத்து வைத்துக்கொள்ளும் பஞ்சுத் துண்டுகளும் அதனுள் இருந்தன. வெளியூரில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் அவருடைய மகன் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அதனை வாங்கியிருந்தார். ஓராண்டாக மனச்சோர்வு நோய்க்கு மருத்துவரிடம் மாத்திரை பெற்று உண்டுவந்த அவ்விளைஞர், கருவி கைக்கு வந்ததும், "இனி மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே அதனை நிறுத்திவிட்டார். மூன்று வாரங்களில் உறக்கம் கெட்டது, உணவு குறைந்தது, அலுவலகத்திற்குச் செல்வது நின்றது. பெற்றோர் சென்று ஊருக்கு அழைத்து வந்துவிட்டனர்.

"ஐயா, இந்தக் கருவி மெய்யா, பொய்யா? பையனிடம் நான் என்ன சொல்வது?" என்று ஆசிரியர் கேட்டார்.

'மெய்' என்று சொன்னாலும் தவறு. 'பொய்' என்று சொன்னாலும் தவறு. அன்று அவருக்கு நாம் சொன்னவற்றையும், பின்னர் படித்தறிந்தவற்றையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறோம். இன்று நம் இல்லங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுகிறது. வெளியே சொல்லாமல் மறைத்து வைப்பதால் விடை கிடைப்பதில்லை.

இரு வேறு வழிகள்

மனநிலையைச் செம்மைப்படுத்துவன என்று கூறப்படும் கருவிகளை இரண்டு வகையில் அடக்கலாம்.

முதல் வகை அளந்து காட்டுவது. நாடித்துடிப்பு, மூச்சு, விரல் நுனியின் வெப்பம், தசையின் இறுக்கம், மூளையின் மின்னலை ஆகியவற்றுள் ஒன்றை அளந்து, அதனைத் திரையில் கோடாகவோ காதில் ஒலியாகவோ அப்போதைக்கப்போது அறிவிக்கும். அதைக் கண்டு நாமே நம் உடலைச் சிறிது சிறிதாகப் பழக்குகிறோம். இதற்குப் 'பயோஃபீட்பேக்' என்று பெயர். தமிழில் உடற்பின்னூட்டப் பயிற்சி எனலாம்.

இரண்டாம் வகை உள்ளே செலுத்துவது. மின்னோட்டத்தையோ காந்த விசையையோ மூளையின் ஒரு பகுதிக்குச் செலுத்தி, அதன் செயற்பாட்டை மாற்ற முயல்வது. இது மூளைத் தூண்டல் எனப்படும்.

முன்னது கண்ணாடி போன்றது. முகத்திலுள்ள கறையைக் காட்டும், துடைக்க வேண்டியது நம் கை. பின்னது மருந்து போன்றது. ஆளறிந்து, நோயறிந்து, அளவறிந்து கொடுக்கப்பட வேண்டும். கண்ணாடியை யாரும் வாங்கி வீட்டில் மாட்டலாம். மருந்தை அவ்வாறு வாங்கி உண்ணலாகாது. ஆசிரியர் கொண்டுவந்த பெட்டியில் இருந்தது இரண்டாம் வகைக் கருவி. அதனை விற்றவர்களோ முதல் வகைக் கருவி போல விற்றிருந்தனர். குழப்பத்தின் வேர் இங்கேதான் உள்ளது. எனவே இரண்டையும் தனித்தனியே நோக்குவோம்.

மூளையலையைக் காட்டும் கண்ணாடி

ஜெர்மனியின் யேனா நகரில் மனநோய் மருத்துவராக இருந்த ஹான்ஸ் பெர்கர், 1924ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். தாம் கண்டதை நன்கு சரிபார்த்து 1929இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக அமர்ந்திருக்கும்போது நொடிக்கு எட்டு முதல் பதின்மூன்று முறை ஏறி இறங்கும் அலையொன்று தோன்றுவதைக் கண்டு, அதற்கு 'ஆல்ஃபா' என்று பெயரிட்டார்.

1950களின் இறுதியில், அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜோ காமியா என்னும் உளவியலாளர் ஓர் எளிய சோதனை செய்தார். ஒருவரை இருட்டறையில் கண்மூடி இருக்கச் செய்து, மணியொலி கேட்கும்போதெல்லாம் 'இப்போது என் மூளையில் ஆல்ஃபா அலை உள்ளது' அல்லது 'இல்லை' என்று சொல்லச் சொன்னார். விடை சரியா தவறா என்பதை உடனே அறிவித்தார். சில நாட்களில் பலர் பெரும்பாலும் சரியாகவே சொல்லக் கற்றுக்கொண்டனர். பின்னர் அவ்வலையை வேண்டும்போது வரவழைக்கவும் பழகினர். உடலுக்குள் மறைந்து நிகழும் ஒன்றை, அறிவிப்பு கிடைத்தால் மனிதன் உணரப் பழகலாம் என்பது இதனால் விளங்கியது.

இந்தியாவிலிருந்து சென்ற சுவாமி ராமா என்னும் யோகியை, 1970இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீன் என்னும் ஆய்வாளர் கருவிகளால் சோதித்தார். அவர் தம் ஒரே உள்ளங்கையின் இரு பகுதிகளை வெவ்வேறு வெப்பநிலைக்குக் கொண்டுவந்து காட்டினார். அந்நாட்களில் 'ஆல்ஃபா அலையே ஆனந்த அலை' என்ற எண்ணம் பரவி, வீட்டுக் கருவிகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் பின்வந்த ஆய்வுகள் அந்த ஆரவாரத்தை அடக்கின. ஆல்ஃபா அலை மிகுந்தும் ஆனந்தம் தோன்றாதவர் பலர். தோன்றியோர்க்கும் அது பெரும்பாலும் எதிர்பார்ப்பாலும் சூழ்நிலையாலும் விளைந்தது எனத் தெரிந்தது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை நன்கு விளக்கும். உறக்கமின்மையால் வருந்துவோர்க்கு மெய்யான மூளையலைப் பயிற்சியும், வெளித்தோற்றத்தில் அதே போன்ற போலிப் பயிற்சியும் அளித்தனர். இரண்டிலும் 'உறக்கம் மேம்பட்டது' என்றே அவர்கள் கூறினர். கருவி கொண்டு உறக்கத்தை அளந்தபோது இரண்டிலும் மாற்றம் காணப்படவில்லை. எனவே ஒரு கருவியை அணிந்தபின் 'எனக்கு நலமாயிற்று' என்று ஒருவர் உண்மையாகவே சொல்லலாம். அந்நலம் கருவியால்தான் வந்தது என்பது அதனால் மட்டும் உறுதியாகாது. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்ததா என்பதே, எந்தக் கருவியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அவ்வாறு ஒப்பிட்டபின்னும் நம்பிக்கை அளிக்கும் ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் டல்சா நகரில் மனச்சோர்வு நோயாளர் 36 பேரைப் பெரிய காந்தப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்தனர். தம் வாழ்வின் மகிழ்ச்சியான நிகழ்ச்சி ஒன்றை நினைக்குமாறு கூறி, அப்போது அமிக்டலா என்னும் உணர்ச்சிப் பகுதி எவ்வளவு விழிக்கிறது என்பதைத் திரையில் ஏறும் கோடாகக் காட்டினர். ஒப்பீட்டுக் குழுவினர்க்கு உணர்ச்சியோடு தொடர்பற்ற வேறு பகுதியின் கோடு காட்டப்பட்டது. முதற்குழுவில் 19 பேருள் 12 பேர்க்கு நோயின் அளவு பாதிக்கு மேல் குறைந்தது; மற்றதில் 17 பேருள் இருவர்க்கே அவ்வாறு குறைந்தது. 2017இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. பெரிய மருத்துவமனைகளில் மட்டுமே உள்ள கருவியால் செய்யப்பட்டது. ஆகவே இதனை வாயிற்படி என்று கொள்ளலாமே அன்றி, வீட்டுக்கு வந்த வழி என்று கொள்ளலாகாது.

மூச்சும் நாடியும்

உடற்பின்னூட்ட முறைகளுள் இல்லத்தில் எளிதாகப் பழகத்தக்கதும், சான்றுகள் ஓரளவு வலுவாக உள்ளதும் மூச்சையும் நாடியையும் இணைக்கும் பயிற்சியே.

படிப்பவர்கள் இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்து நாடியை உணருங்கள். மெல்ல மூச்சை உள்ளிழுங்கள். பின்பு மெல்ல விடுங்கள். உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைவதையும், வெளிவிடும்போது சற்றுத் தளர்வதையும் பலர் உணரலாம். இது நோயன்று. மூளையிலிருந்து இதயம் வரை செல்லும் 'வேகஸ்' என்னும் நரம்பு, மூச்சுக்கேற்ப இதயத்தை இழுத்துப் பிடித்தும் தளர விட்டும் நடத்துவதால் இவ்வாறு நிகழ்கிறது.

இரத்த அழுத்தத்தைச் சமன் செய்யும் அமைப்பொன்றும் நம் உடலில் உண்டு. அழுத்தம் ஏறினால் இதயத்தைத் தளர்த்தும், இறங்கினால் விரைவாக்கும். இது ஒரு சுற்றுச் சுற்றிவரச் சுமார் பத்து நொடிகள் ஆகின்றன. பெரியவர்கள் சாதாரணமாக நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகின்றனர். அதனை ஆறாகக் குறைத்தால் ஒரு மூச்சுக்குப் பத்து நொடி ஆகும். அப்போது மூச்சின் சுற்றும் அழுத்தத்தின் சுற்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால், சிறு விசையே அதனை உயர வீசுவது போல, நாடியின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. உடலைச் சமன் செய்யும் அமைப்பு நல்ல பயிற்சி பெறுகிறது. ரஷ்ய நாட்டினரான வாஸ்சில்லோவும் அமெரிக்கரான பால் லேரரும் இம்முறையை வகுத்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதன் பயன் என்ன? 24 ஆய்வுகளையும் அவற்றில் பங்குகொண்ட 484 பேரையும் தொகுத்து நோக்கிய கட்டுரை ஒன்று 2017இல் வெளிவந்தது. மன அழுத்தமும் பதற்றமும் இப்பயிற்சியால் கணிசமாகக் குறைந்தன என்று அது கூறியது. மனச்சோர்வைப் பற்றி 14 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வந்த கட்டுரை மிதமான பயனைக் கண்டது. 'மிதமான' என்ற சொல்லை மறவாதிருப்போம்.

இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வும் இங்குக் குறிக்கத்தக்கது. லத்தீன் மொழியில் செபமாலை சொல்வோரும், பௌத்த மந்திரம் ஓதுவோரும், ஓதும்போது தம்மையறியாமலே நிமிடத்திற்கு ஏறக்குறைய ஆறு மூச்சு என்ற அளவுக்கு வந்துவிடுவதை அவர்கள் அளந்து கண்டனர். நம் காயோத்சர்க்கத்தில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை, மந்திரத்திற்கு மூன்று மூச்சு வீதம் இருபத்தேழு மூச்சில் நினைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அதன் நோக்கம் வேறு; உடல் நலத்திற்காக வகுக்கப்பட்டதன்று. ஆயினும் மூச்சை எண்ணி அமரும் பழக்கம் நமக்குப் புதியதன்று என்பதால், இப்பயிற்சியைக் கற்பது நமக்கு எளிதாகும்.

பயிற்சி முறை இது. முதுகை நிமிர்த்தி அமர்க. நான்கு எண்ணும் வரை மூக்கின் வழி உள்ளிழுக்க; ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடுக. ஆழமாக இழுக்க முயல வேண்டா. மெதுவாக இழுத்தால் போதும். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம், நாளுக்கு இரு வேளை, சில வாரங்கள் தொடர்க. தலைசுற்றினால் நிறுத்தி இயல்பாக மூச்சு விடுக. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டறிக. நாடியைத் திரையில் காட்டும் கருவி இருந்தால் கற்பது எளிது. இல்லையேல் நொடிமுள் உள்ள கடிகாரமும் மணிக்கட்டில் வைத்த விரல்களும் போதும்.

காந்தத் தூண்டல்

இனி இரண்டாம் வகையைக் காண்போம். மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். மண்டையோடு மின்சாரத்தைத் தடுக்கும். காந்த விசையைத் தடுக்காது. இவ்விரு உண்மைகளையும் இணைத்து, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அந்தோணி பார்க்கரும் அவர்தம் குழுவினரும் 1985இல் தலைக்கு மேல் கம்பிச்சுருளை வைத்து, தொடாமலே மூளையைத் தூண்டிக் காட்டினர். 1995இல் அமெரிக்காவில் மார்க் ஜார்ஜ் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உடைய ஆறு பேர்க்கு நெற்றியின் இடப்பக்கத்து முன்மூளையில் இதனை நாள்தோறும் செய்து பார்த்தனர். 301 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. 2008இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இச்சிகிச்சைக்கு இசைவு அளித்தது.

நோயாளர் நாற்காலியில் விழித்த நிலையிலேயே அமர்ந்திருப்பார். மயக்க மருந்து இல்லை. தலையில் யாரோ விரலால் தட்டுவது போன்ற உணர்வும் 'டக் டக்' என்ற ஒலியும் இருக்கும். காதுக்கு அடைப்பு தருவர். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 37 நிமிடம், வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் என்று செய்தனர். கனடாவில் 414 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மூன்றே நிமிடத்தில் முடியும் புதிய முறையும் அதற்கு இளைத்ததன்று என்று தெரிந்தது. இரு முறையிலும் ஏறக்குறைய பாதிப் பேர்க்கு நோய் பாதியளவு தணிந்தது. நால்வரில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை நோய் நீங்கிய நிலையை அடைந்தனர்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார், ஒவ்வொருவர் மூளையையும் படமெடுத்து இடம் குறித்து, நாளுக்குப் பத்து முறை வீதம் ஐந்தே நாளில் சிகிச்சையை முடிக்கும் முறையை வகுத்தனர். 29 பேரிடம் செய்து 2022இல் வெளியான ஆய்வில், நான்கு வாரம் கழித்து மெய்ச்சிகிச்சை பெற்றோர்க்கு நோயின் அளவு சராசரியாகப் பாதிக்கு மேல் குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றோர்க்கு ஒன்பதில் ஒரு பங்கே குறைந்தது. பலன் சிறப்பானது, எண்ணிக்கை சிறியது. இரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

தீமைகளும் உண்டு. தலைவலியும் தட்டும் இடத்தில் வலியும் வரலாம். மிக அரிதாக வலிப்பு வரலாம். தலைக்குள் உலோகக் கவ்வியோ காதுக்குள் பொருத்திய மின்கருவியோ உள்ளவர்க்கு இது கூடாது. குணமானோர்க்கும் நோய் மீளக்கூடும். இச்சிகிச்சை நம் நாட்டிலும் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளிட்ட பெரிய மனநல மருத்துவமனைகளில் அளிக்கப்படுகிறது.

மின்னதிர்ச்சி சிகிச்சையையும் இங்கே ஒரு சொல் குறிப்போம். 1938இல் ரோமாபுரியில் செர்லெட்டியும் பினியும் தொடங்கிய அம்முறை, திரைப்படங்களால் நம் மனத்தில் அச்சமாகப் பதிந்துள்ளது. இன்று அது மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்தே செய்யப்படுகிறது. அவையின்றிச் செய்வதை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடுக்கிறது. சிலர்க்கு நினைவு மறதி உண்டாவது உண்மை. ஆயினும் உண்ணாமல் உறங்காமல் உயிருக்கே ஊறு நேரும் கடுமையான நிலையில், அதுவே விரைந்து காப்பதாக இன்றும் உள்ளது.

பெட்டியில் இருந்த கருவி

ஆசிரியர் கொண்டுவந்த கருவி மென்மின்னோட்டத் தூண்டல் வகையைச் சேர்ந்தது. நெற்றியில் வைத்த இரு பஞ்சுகளின் வழியே இரண்டு மில்லி ஆம்பியர் அளவு மின்னோட்டம் இருபது, முப்பது நிமிடம் செலுத்தப்படும். கைவிளக்கின் சிறு பல்பு கொள்ளும் மின்னோட்டத்தில் இது நூறில் ஒரு பங்களவே. அதிலும் பெரும்பகுதி தோலின் வழியே போய்விடும். எஞ்சியது மூளையணுக்களை எழுப்புவதில்லை, எழுவதற்கு ஆயத்தமாக்குகிறது என்பர்.

இதன் சான்றுகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. பிரேசிலில் 245 பேரிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், இது போலித் தூண்டலைவிட மேலாக இருந்தது. ஆனால் எஸ்சிடலோபிராம் என்னும் வழக்கமான மாத்திரைக்கு நிகர் என்று நிறுவ இயலவில்லை. தூண்டல் பெற்றோருள் இருவர்க்கு மனம் அளவு மீறிக் கிளர்ந்தெழும் 'மேனியா' நிலையும் புதிதாகத் தோன்றியது. ஜெர்மனியில் ஏற்கெனவே மாத்திரை உண்டுவந்த 150 பேரிடம் செய்து 2023இல் வெளியான ஆய்வில், போலித் தூண்டலைவிட மிகுந்த பயன் காணப்படவில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை பற்றி 2024இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 174 பேரிடம் செய்ததில் பத்து வாரத்தில் நூற்றுக்கு 45 பேர் நோய் நீங்கினர். போலித் தூண்டலில் 22 பேர். பிரேசிலில் 210 பேரிடம் செய்ததில் வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே இக்கருவி ஏமாற்று அன்று; முடிந்த முடிபும் அன்று. வீட்டில் செய்த அந்த ஆய்வுகளிலும் மருத்துவ வல்லுநர் நோயைக் கணித்து, தக்கவரைத் தேர்ந்து, தொடர்ந்து கண்காணித்தனர் என்பதைக் கருத வேண்டும். தாமே வாங்கித் தாமே பொருத்திக்கொள்வோரை எச்சரித்து, மூளை ஆய்வாளர் பலர் 2016இல் வெளிப்படையான மடல் ஒன்று எழுதினர். பஞ்சு வைக்கும் இடம் சிறிது மாறினாலும் விளைவு மாறலாம். மூளையின் ஒரு திறன் வளரும்போது மற்றொன்று குன்றலாம். தோல் புண்ணாகலாம் என்பன அவர்கள் கவலைகளுட் சில. அவ்விளைஞர்க்கு நேர்ந்த தீங்கு மின்சாரத்தால் வந்ததன்று. மாத்திரையைத் திடீரென நிறுத்தியதால் வந்தது.

இன்பம் வேறு, நலம் வேறு

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர், எலிகளின் மூளையில் நுண்கம்பி செருகி, நெம்புகோலை அழுத்தினால் அங்கே மின்னோட்டம் பாயுமாறு செய்தனர். அவ்வுயிர்கள் பட்ட துன்பத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் கண்ட உண்மை சிந்திக்கத்தக்கது. எலிகள் மீண்டும் மீண்டும், சில மணிக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட முறை, அந்த நெம்புகோலையே அழுத்தின. பின்வந்த சோதனைகளில் பசித்த எலிகள் உணவையும் விட்டு அழுத்தின. மின்சாரம் இன்பத்தைத் தூண்ட வல்லது. அவ்வின்பத்திற்கு நிறைவு என்பதில்லை.

இதனோடு மற்றொன்றை ஒப்பிடுக. 2005இல் டொரன்டோ நகரில் ஹெலன் மேபெர்க் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும், எச்சிகிச்சைக்கும் அடங்காத ஆறு நோயாளர்க்கு ஆழ்மூளையில் நுண்கம்பி பொருத்தினர். மின்னோட்டம் பாய்ந்தபோது அவர்கள் இன்பம் பொங்கியதாகக் கூறவில்லை. திடீரென அமைதியும் இலேசும் தோன்றியதாகவும், உள்ளிருந்த வெறுமை மறைந்ததாகவும் கூறினர். ஆறு மாதத்தில் நால்வர் தேறினர். பின்னர் 90 பேரிடம் செய்த பெரிய ஆய்வு ஆறு மாத அளவில் போலித் தூண்டலோடு வேறுபாடு காட்டாமல் இடையில் நிறுத்தப்பட்டது. 2021இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள், மூளையே சோர்வின் அறிகுறியைக் காட்டும்போது மட்டும் தூண்டும் கருவியை ஒருவர்க்குப் பொருத்தி நலம் கண்டனர். இத்துறை இன்னும் வளர்ந்து வருகிறது.

நாம் கொள்ள வேண்டிய கருத்து இது. சிகிச்சை என்பது மகிழ்ச்சியை ஊற்றித் தருவதன்று. முதுகில் ஏறிய சுமையை இறக்கி வைப்பது. சுமை இறங்கியபின் நடக்க வேண்டியவர் அவரே. 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று சுமை ஏறியவரிடம் நாம் சொல்வது, கால் முறிந்தவரை நடக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். சுமை இல்லாதவர் இன்பத்திற்காகக் கருவியை நாடுவது, அந்த நெம்புகோலின் முன் அமர்வதற்கு ஒப்பாகும்.

இல்லத்தார் கடைப்பிடிக்கத்தக்கவை

1. இரண்டு வாரத்திற்கு மேல் நாள்தோறும் மனம் தாழ்ந்திருத்தல், எதிலும் விருப்பம் இன்மை, உறக்கமும் உணவும் கெடுதல், தன்னைத்தானே பழித்தல் ஆகியவை காணப்பட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்க. இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

2. 'வாழ்ந்து பயனில்லை' என்னும் சொல் ஒருவர் வாயில் வந்தால் அன்றே உதவி தேடுக. அவரைத் தனியே விடற்க. அரசின் 'டெலி மனஸ்' தொலைபேசி எண் 14416; 2022இல் தொடங்கப்பட்ட இச்சேவை இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும்.

3. மருத்துவர் தந்த மாத்திரையை எக்கருவிக்காகவும் தாமே நிறுத்தலாகாது. குறைப்பதாயினும் அவர் சொல்லும் அளவில், அவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும்.

4. மாத்திரையால் குணம் காணாதவர், 'காந்தத் தூண்டல் எனக்குப் பொருந்துமா?' என்று மருத்துவரையே கேட்கலாம். கேட்பது அவர் மீது ஐயம் கொள்வதாகாது.

5. அன்றாடக் கவலைக்கும் பதற்றத்திற்கும் மூச்சுப் பயிற்சி நல்ல துணை. நோய்க்கு அது சிகிச்சையோடு சேர்ந்த துணையே.

6. கருவி விற்போரிடம் மூன்று கேள்விகள் கேட்க: போலிக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்தீர்களா? எத்தனை பேரிடம்? யாருக்கு இது கூடாது? மூன்றாம் கேள்விக்கு 'யாரும் பயன்படுத்தலாம்' என்று விடை வந்தால் வாங்காதிருப்பதே நன்று.

ஆசிரியர் அன்று இவற்றைக் கேட்டுச் சென்று, மறுநாளே மகனை அவருடைய பழைய மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, பெட்டியைத் திறந்து பார்த்து, மாத்திரையை மீண்டும் தொடங்கி, "இது போதாவிட்டால் காந்தச் சிகிச்சையைப் பற்றி நாமே பேசுவோம், எதையும் என்னிடம் மறைக்காதே" என்று மட்டும் கூறினாராம். இப்போது அவ்விளைஞர் பணிக்குத் திரும்பிவிட்டார். முற்றும் குணமாயிற்று என்று சொல்வதற்கில்லை. நல்ல நாட்கள் மிகுதி என்று தந்தை சொல்கிறார். இரவு எட்டு மணிக்கு மகன் ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்க, இருவரும் பேசாமல் பத்து நிமிடம் ஒன்றாக மூச்சை எண்ணுகின்றனர். ஆசிரியர்க்கு எழுபது வயது. "பையனுக்காகத் தொடங்கினேன், எனக்கும் உறக்கம் நன்றாக வருகிறது" என்றார்.

மீள்நோக்கு வினாக்கள்

1. உடற்பின்னூட்டப் பயிற்சிக்கும் மூளைத் தூண்டலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

2. சால்ஸ்பர்க் ஆய்வு நமக்கு உணர்த்துவது என்ன?

3. நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்னும் அளவில் நாடியின் ஏற்ற இறக்கம் ஏன் பெரிதாகிறது?

4. மென்மின்னோட்டக் கருவி பற்றிய ஆய்வுகள் ஒத்த முடிவைத் தருகின்றனவா? எடுத்துக்காட்டுடன் விளக்குக.

5. உங்கள் இல்லத்தில் ஒருவர்க்கு மனச்சோர்வு உண்டானால், முதலில் செய்ய வேண்டியது யாது? இதனைக் குடும்பத்தார் அனைவரும் கூடியிருக்கும் நேரத்தில் பேசுக.